கமராவை மாற்றுவதா, வெளிச்சத்தை வாங்குவதா?

ஆவணி மாதத்துச் சுபமுகூர்த்த நாளொன்றில், கிளிநொச்சியிலிருந்து வட்டக்கச்சி செல்லும் வீதியோரத்துக் கோயில் மண்டபத்திலே, நாதஸ்வரக்காரர் சீவாளியை உதட்டில் வைத்தபடி மணவறையை நோக்கிக் காத்திருக்க, ஐயர் கையை உயர்த்திக் ‘கெட்டிமேளம்’ என்று குரல் கொடுத்த அந்தக் கணத்தில், மணவறைக்கு எதிரே முழந்தாளிட்டிருந்த இளைஞனுடைய கமரா, லென்ஸை முன்னும் பின்னுமாக இருமுறை உருட்டிப் பார்த்துவிட்டு, எந்த முகத்தைப் பற்றிக்கொள்வதென்று அறியாததுபோல் அப்படியே நின்றுவிட்டது. மாப்பிள்ளையின் கைகள் பெண்ணின் கழுத்துக்குப் பின்னே போய்விட்டன. அறுகரிசியும் பூவிதழும் பறக்கத் தொடங்கிவிட்டன. ஒரு பக்கம் வீடியோக்காரரின் வெள்ளை விளக்கு, மறுபக்கம் மண்டபத்தின் நீல நிற எல்.ஈ.டி. விளக்குகள், நடுவே பெண்ணின் முகத்தில் தோழியின் நிழல். இளைஞன் பெருவிரலை அசைத்துப் போகஸ் புள்ளியை நடுவுக்குக் கொண்டுவந்து, தாலிக்கொடியின் பொன்விளிம்பில் அதை நிறுத்தி, மூச்சை அடக்கிக்கொண்டு சொடுக்கினான். நான்கு படங்கள் விழுந்தன. இரண்டு தெளிவு, ஒன்று கலங்கல், ஒன்றில் யாரோ ஒருவருடைய கை.

பந்தியில் அவனுக்கு அருகே வந்தமர்ந்தவர், மருமகளின் கலியாணத்துக்கென்று கனடாவிலிருந்து வந்திருந்த பெரியவர். சோற்றைப் பிசைந்தவாறே மேசையில் கிடந்த கமராவைப் பார்த்தார்.

“தம்பி, நீர் இன்னும் உந்த 1300டியோடயோ நிக்கிறீர்? அங்க உதை இப்ப ஒருத்தரும் கையாலயும் தொடமாட்டினம்.”

“மாத்தத்தான் யோசிக்கிறன் அண்ணை. 200டி மார்க் டூ ஒண்டு வவுனியாவில விலைக்கு இருக்கெண்டு சொன்னவங்கள்.”

பேச்சு அவ்வளவில் நின்று பாயசத்துக்குப் போய்விட்டது. இளைஞனுடைய மனத்தில் அது நிற்கவில்லை. அவன் ஒருவனுடைய கவலை மாத்திரம் அன்று இது. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மூன்று மாவட்டங்களிலும் கமராவைக் கொண்டு சீவனம் நடத்துகிற பிள்ளைகள் இருவர் எங்கே சந்தித்தாலும், மாங்குளத்துத் தேநீர்க் கடையாயினும் புதுக்குடியிருப்புப் பேருந்து நிலையமாயினும், முதல் பத்து நிமிடத்துக்குள் வந்து நிற்பது இந்த விவகாரந்தான்: கையிலிருக்கிற ஆரம்பநிலை டி.எஸ்.எல்.ஆரை விற்று, அதற்கு ஒரு படி மேலான இன்னோர் ஆரம்பநிலை டி.எஸ்.எல்.ஆரை வாங்குவது புத்தியா, வீண்செலவா?

கண்ணாடிக் கமராவின் அந்திப்பொழுது

லென்ஸ் வழியே வரும் ஒளியைச் சாய்ந்து நிற்கும் ஒரு சிறு கண்ணாடி மேலே திருப்பி நம் கண்ணுக்குக் காட்ட, சொடுக்கும்போது அக்கண்ணாடி துள்ளி விலகி, பின்னாலிருக்கும் உணர்தகட்டுக்கு ஒளியை விடுவதே டி.எஸ்.எல்.ஆர். என்னும் யந்திரத்தின் சூட்சுமம். கனன் நிறுவனம் 2003இல் 300டி என்னும் கமராவை ஆயிரம் அமெரிக்க டொலருக்குள் விற்கத் தொடங்கியபோதுதான் இந்த யந்திரம் சாதாரண ஜனங்களின் கைக்கு எட்டியது. அப்போது வன்னியிலோ, போர்நிறுத்த உடன்படிக்கையின் பின் 2002இல் திறந்த ஏ-9 பாதை வழியாகப் பிலிம் சுருள்கள் தடையின்றி வந்து சேர்வதே பெரிய விசேஷமாயிருந்தது. இங்குள்ள இளைஞர்களின் கையில் இந்தக் கமரா பரவியது யுத்தம் முடிந்து, மின்சாரம் வந்து, 2013 செப்டெம்பரில் கிளிநொச்சிக்கு ரயிலும் திரும்பிய பிற்காலத்தில். அந்தப் பருவத்தில், 2016இல் வெளிவந்ததே மேற்சொன்ன 1300டி.

ஆனால் நமக்கு விடிந்தபோது உலகத்துக்குப் பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. 2012ஆம் ஆண்டு உலகெங்கும் ஒரு கோடியே அறுபது இலட்சத்துக்கு மேல் விற்பனைக்கு அனுப்பப்பட்ட இவ்வகைக் கமராக்கள், 2023இல் பன்னிரண்டு இலட்சத்துக்கும் கீழே இறங்கிவிட்டன. கண்ணாடியில்லாத மிரர்லெஸ் கமராக்கள் 2020இலேயே இவற்றை முந்திச் சென்றன. நிக்கோன் ஆரம்பநிலை வரிசையில் 2018இல் வந்த டி3500க்குப் பின் வாரிசு பிறக்கவில்லை. கனன் 2020இல் 850டியை வெளியிட்டதோடு அந்தப் பக்கத்தை மூடிவிட்டது. ஆகவே இன்று ஒருவன் ஆரம்பநிலை டி.எஸ்.எல்.ஆர். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதென்பது, ஓடாத பாதையில் ஒரு வண்டியை விட்டு இன்னொரு வண்டியில் ஏறுவதற்கு ஒப்பாகும் என்று சிலர் சொல்லுகிறார்கள். அந்த உபமானம் முழுதும் சரியென்று நான் நினைக்கவில்லை. பாதை ஓடுகிறது, புதிய வண்டிகள்தாம் வருவதில்லை. பழைய கமராக்களும் லென்ஸுகளும் இன்னும் பல ஆண்டுகளுக்குக் கைமாறிக்கொண்டேயிருக்கும். ஏறும் வண்டி உண்மையிலேயே முந்தியதைவிட வேகமானதா என்பதே யோசிக்க வேண்டிய விஷயம்.

பெட்டிச் செய்தி: ஐந்து கமராக்கள், ஒரு பார்வை

கனன் 1300டி (2016): 18 மெகாபிக்சல், 9 போகஸ் புள்ளிகள், ஒரு பற்றறிக்குச் சுமார் 500 படங்கள்.
கனன் 1500டி (2018): 24.1 மெகாபிக்சல், அதே 9 புள்ளிகள், உள்ளே அதே தலைமுறை மூளை.
கனன் 200டி மார்க் 2 (2019): 24.1 மெகாபிக்சல், கண்ணிடுக்கு வழியே பார்த்தால் அதே 9 புள்ளிகள், திரை வழியே பார்த்தால் மிக நுட்பமான வேறொரு போகஸ் முறை, ஒரு பற்றறிக்குச் சுமார் 1,070 படங்கள்.
நிக்கோன் டி3500 (2018): 24.2 மெகாபிக்சல், 11 புள்ளிகள், ஒரு பற்றறிக்குச் சுமார் 1,550 படங்கள்.
நிக்கோன் டி5600 (2016): 24.2 மெகாபிக்சல்; 39 புள்ளிகள்; திருப்பக்கூடிய திரை.
ஐந்துக்கும் பொதுவானது: மெமரி காட் போடும் இடம் ஒன்றேயொன்று.

ஆறு மெகாபிக்சலின் விலை

பதினெட்டு எங்கே, இருபத்துநான்கு எங்கே என்று வாய்விட்டுச் சொல்லும்போது அந்த வித்தியாசம் பெரிதாய்த் தோன்றும். அளந்து பார்த்தால் 1300டியின் படம் அகலத்தில் 5,184 புள்ளிகளும், 24 மெகாபிக்சல் படம் 6,000 புள்ளிகளும் கொண்டவை. அதாவது அகலத்தில் கூடுவது ஆறிலொரு பங்குகூட இல்லை. நம்முடைய கலியாண அல்பத்தில் பன்னிரண்டுக்குப் பதினெட்டு அங்குலப் பக்கமொன்றை முழுதாக ஒரே படத்தால் நிரப்பினாலும், 1300டி அங்குலத்துக்கு 288 புள்ளிகளைத் தருகிறது; அச்சுக்கூடத்தார் கேட்பது 300. அந்தப் பன்னிரண்டு புள்ளிகளைத் தம் கண்ணால் கண்டுபிடித்துப் பணத்தைக் குறைத்த மணமகளின் தகப்பனார் எவரையும் இதுவரை நான் சந்தித்ததில்லை. கடவுச்சீட்டுக்கும் அடையாள அட்டைக்கும் படம் எடுக்கும் பதிவுபெற்ற ஸ்ருடியோக்காரருக்கோ, இவற்றுள் எந்தக் கமராவும் போதும்.

இனிப் பணத்தின் பக்கம் வருவோம். 2022 மார்ச் மாதத் தொடக்கத்தில் இருநூறு ரூபாவாயிருந்த அமெரிக்க டொலர், அவ்வாண்டு மே மாதத்தில் முந்நூற்றறுபதைத் தொட்டது. ஐந்நூறு டொலர் பெறுமதியான ஒரு கமரா, ஒரு இலட்சம் ரூபாவிலிருந்து ஒரு இலட்சத்து எண்பதாயிரத்துக்கு இரண்டே மாதத்தில் ஏறிவிட்டது, வரியும் வியாபாரியின் இலாபமும் சேர்க்காமலே. பெறுமதிசேர் வரியோ எட்டிலிருந்து பன்னிரண்டாகி, பதினைந்தாகி, 2024 ஜனவரி முதல் பதினெட்டு வீதமாகி நின்றது. டொலர் பிறகு ஓரளவு இறங்கியபோதிலும், பழைய விலை பழங்கதையாகவே போய்விட்டது. வெளியே போகும் காசு இவ்விதம் பெருகியிருக்க, வேலைக்கு வரும் காசு அதே வேகத்தில் பெருகவில்லை. வயலும் கூலியும் கடலும் நம்பிச் சீவிக்கும் குடும்பம், பிள்ளையின் சாமத்தியவீட்டுக்கு அல்பம் பேசும்போது, கமராவின் பெயரைக் கேட்டுக்கொண்டு கூடக் கொடுப்பதில்லை. ஆகையால் சீட்டெடுத்தோ, தாயின் சங்கிலியை அடைவு வைத்தோ வாங்கிய புதிய கமரா, அதை வாங்கியவனுக்கு ஒரு ரூபாவும் அதிகமாகச் சம்பாதித்துத் தராமல், மாதாமாதம் வட்டியை மாத்திரம் நினைவூட்டிக்கொண்டு மேசையில் இருக்கக் காண்கிறோம். இப்படிச் சிக்கிக்கொண்ட பிள்ளைகளை நான் அறிவேன். அவர்களுடைய முகத்தை நினைத்தே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

இருட்டே எதிரி

வட்டக்கச்சி மண்டபத்தில் அந்தக் கமரா ஏன் திகைத்தது? கமராவுடன் கூடவே வருகிற 18-55 லென்ஸ், முகத்தை நெருங்கி 55க்கு இழுக்கும்போது தன் வாயை எப்/5.6 என்னும் அளவுக்கே திறக்க வல்லது. ஒளி குறைந்த இடத்தில் அது அரைக்கண் மூடியவனைப்போல் தடவித்தடவிப் பார்க்கிறது. வேறு வழியின்றி ஐ.எஸ்.ஓ.வை 6400க்கு ஏற்றினால், கூறைச்சேலையின் சிவப்பில் மணல் தூவினாற்போல் பொரிபொரியாகப் புள்ளிகள் கிளம்புகின்றன. இதே லென்ஸைக் கழற்றி 200டி மார்க் 2இல் பூட்டினாலும், அரைக்கண் அரைக்கண்தான்.

கனன் 2015இல் சுமார் 125 டொலருக்கு வெளியிட்ட 50 மில்லிமீற்றர் எப்/1.8 லென்ஸோ, அதே இடத்தில் ஒன்பது மடங்குக்கும் அதிகமான ஒளியை உள்ளே விடுகிறது. ஐ.எஸ்.ஓ. 6400 வேண்டியிருந்த இடத்தில் ஏறத்தாழ 640 போதும். உடல் மாறவில்லை, மெகாபிக்சல் கூடவில்லை. ஆயினும் பெண்ணின் இமைமயிர் ஒவ்வொன்றாய்த் தெரிகிறது. ஒரு குறையையும் மறைக்காமல் சொல்லவேண்டும்: இந்தச் சிறு உணர்தகட்டுக் கமராக்களில் 50 என்பது 80 போலக் கிட்ட இழுத்துவிடும், தகரக் கொட்டிலின் விறாந்தையில் முதுகு சுவரில் முட்டும்வரை பின்னே போனாலும், பேரன் பூட்டன் எல்லாருமாக நிற்கும் குடும்பப்படம் அதற்குள் அடங்காது. அதற்குப் பழைய லென்ஸும், முற்றத்து மாமர நிழலும் இருக்கின்றன.

வைகாசிப் பொங்கல் இரவில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலில் நின்று படமெடுத்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. கடல்நீரில் விளக்கெரியும் அந்தச் சந்நிதியில், கற்பூரத்தின் வெளிச்சம் ஒரு முகத்திலிருந்து இன்னொரு முகத்துக்குத் தாவும்போது, ஜனசமுத்திரம் தோளை இடித்துத் தள்ளும்போது, ஒன்பது புள்ளியா முப்பத்தொன்பது புள்ளியா என்று யாரும் எண்ணிக்கொண்டிருப்பதில்லை. ஒளியை வாங்கத் தெரிந்த லென்ஸ் வைத்திருந்தவன் படத்தோடு வீடு திரும்புகிறான்.

பெட்டிச் செய்தி: வாங்குமுன் பார்க்க வேண்டியவை

200டி மார்க் 2இல் பிளாஷ் பூட்டும் இடத்தின் நடுவிலுள்ள பொதுவான ஊசி முனை நீக்கப்பட்டுள்ளது. நடு ஊசியை மாத்திரம் நம்பி இயங்கும் மலிவான பிளாஷும் ட்ரிகரும் அதில் எரியா. கையிலுள்ள பிளாஷைக் கொண்டுபோய்ப் பூட்டிப் பார்த்தபின்பே காசைக் கொடுக்கவேண்டும்.

நிக்கோன் டி3000, டி5000 வரிசைக் கமராக்களின் உடலுக்குள் போகஸ் மோட்டர் கிடையாது. பழைய ‘டி’ வகை லென்ஸுகள் அவற்றில் கையால் திருப்பினால்தான் போகஸாகும்.

ஆரம்பநிலைக் கமராவின் ஷட்டர் சுமார் ஒரு இலட்சம் சொடுக்குகள் தாங்கும் என்பது பொதுவான மதிப்பீடு. கலியாணம் ஒன்றுக்கு இரண்டாயிரம் சொடுக்கினால் ஐம்பது கலியாணத்தில் அந்த எண் வந்துவிடும். பழைய கமரா வாங்குபவர் வெளியழகைப் பாராமல் இந்த எண்ணிக்கையைக் கேட்கவேண்டும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் லென்ஸுக்குள் பூஞ்சணம் பிடிக்கும். காற்றுப் புகாத பெட்டியும் ஈரமுறிஞ்சும் சிலிக்காப் பொட்டலமும் போதும். பையோடு அலுமாரிக்குள் வைப்பது ஆகாது.

மாற்றியே தீரவேண்டியவர்கள்

எவரும் எக்காலமும் மாற்றலாகாது என்பது என் அபிப்பிராயமன்று. ஷட்டர் தேய்ந்து நடுநடுவே கறுப்புப் படம் விழத் தொடங்கிய கமராவைக் கட்டிக்கொண்டு கலியாண வீட்டுக்குப் போவது, பிறருடைய ஒருநாளை வைத்துச் சூதாடுவதாகும். வீடியோவையே பிரதானமாகக் கொண்டவருக்கும் காரணம் உண்டு. இன்று பாதிச் சொந்தம் சூரிச்சிலும் ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருந்துகொண்டு தாலிகட்டை நேரலையில் பார்க்கிறது; பெண் நடந்து வரும்போது போகஸ் தானாகப் பின்தொடர வேண்டும்; 1300டிக்கு அந்த வித்தை தெரியாது. அப்படிப்பட்டவர் இன்னோர் ஆரம்பநிலை டி.எஸ்.எல்.ஆருக்கு நகர்ந்து அங்கே இரண்டு வருஷம் தங்குவதைவிட, பொறுத்திருந்து, நிக்கோன் இசட்30, கனன் ஆர்50 போன்ற மிரர்லெஸ் ஒன்றுக்கே நேரே போவது மேல். பழைய கனன் லென்ஸுகள் அதற்குரிய இணைப்பு வளையத்தின் உதவியால் ஆர்50இலும் பழுதின்றி வேலை செய்யும்; அதனால் இன்றைக்கு லென்ஸில் போட்ட காசு நாளைக்கும் கூட வரும். உடலில் போட்ட காசு வராது. ஆர்50 ஒரு பற்றறியில் நானூறு படங்களுக்குள் களைத்துவிடும் என்பதையும் மறக்கலாகாது. காலை பொன்னுருக்கலிலிருந்து இரவு வரவேற்பு வரை ஓடுகிறவர், மூன்று நான்கு பற்றறிகளின் விலையையும் கூட்டியே கணக்குப் பார்க்கவேண்டும்.

காது இல்லாத படம்

வவுனியாவில் ஸ்ருடியோ நடத்துகிற முதியவர் ஒருவர், பிலிம் காலத்து மனிதர், தம்முடைய கணினியில் ஒரு படத்தைத் திறந்து காட்டினார். பாடசாலைக் குழுப்படம் ஒன்றிலிருந்து வெட்டியெடுத்த சிறுவனின் முகம். பெருவிரல் நகத்தளவுதான் மூலம். பொலித்தீன் பையில் சுற்றிப் புதைத்து, மீண்டும் தோண்டியெடுத்ததில் நீர் புகுந்து, இடது காதிருந்த இடம் பழுப்பாய்க் கரைந்து போயிருந்தது. வலது காதைப் பிரதிசெய்து திருப்பி வைத்து, அதன் மடலில் ஒரு சிறு நிழலையும் தீட்டி, அந்த முகத்தைச் சுவரில் மாட்டும் அளவுக்குப் பெருப்பித்துக் கொடுத்திருக்கிறார்.

“தாய் வந்து படத்தைப் பாத்தவ. ஒண்டும் கதைக்கேல்லை. பிறகு அந்தக் காதைத் தடவிப்போட்டு, ‘இதில சின்னனில பட்ட வெட்டு ஒண்டு இருந்தது ஐயா’ எண்டு சொன்னவ. அதையும் கீறிக் குடுத்தனான்.”

வன்னியில் படம் என்றால் என்னவென்று அறிய விரும்புகிறவர் அந்தக் காதைப் பார்க்கவேண்டும். தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடையில் பற்றறிகூடத் தடைசெய்யப்பட்ட பண்டமாயிருந்த மண் இது. ஊரூராய் இடம்பெயர்ந்து, 2009இல் முள்ளிவாய்க்கால் வரை சென்று, மெனிக் பாம் முகாமின் கூடாரங்களுக்கு வந்து சேர்ந்தபோது, கலியாண அல்பமும் பிள்ளையின் முதற்பிறந்தநாட் படமும் கையோடு கொண்டுவந்தவர் வெகு சிலர். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சிக் கந்தசாமி கோயிலடியில் தொடங்கிய போராட்டத்தில், ஒவ்வொருவர் கையிலும் இருப்பது ஒரு படம். அவற்றுட் பல, ஏதோவொரு கலியாண வீட்டில் எவனோ ஒரு படப்பிடிப்பாளன் பந்தி மூலையில் நின்றவனையும் விடாமல் எடுத்ததால் எஞ்சியவை.

இதை நினைக்குந்தோறும், மேலே சொன்ன ஐந்து கமராவுக்கும் பொதுவான அந்தக் குறை என் மனத்தை உறுத்துகிறது: மெமரி காட் ஒன்றே. அது பழுதானால் பிரதி இல்லை. ஆரம்பநிலையிலிருந்து ஆரம்பநிலைக்கு எத்தனை முறை தாவினாலும் இந்தக் குறை தீராது. தீர்க்கும் வழியோ மிக மலிவு. நம்பகமான இரண்டு ஹாட் டிஸ்க், ஒன்று ஸ்ருடியோவில், மற்றொன்று வேறொரு வீட்டில். புதிய உடலுக்கு ஆகிற செலவில் ஒரு சிறு பங்கு.

வட்டக்கச்சி இளைஞன் இந்தப் பாடத்தைப் படித்த விதம் கொடிது. தொழில் தொடங்கிய முதல் வருஷத்துக் கலியாணங்கள் பதினொன்றையும் ஒரே டிஸ்கில் வைத்திருந்தான். ஒருநாள் அது மேசையிலிருந்து விழுந்து கறகறவென்று சத்தமிட்டது. அதன் பிறகு திறக்கவேயில்லை. இரண்டு வருஷம் கழித்து, அந்தப் பதினொன்றில் ஒரு வீட்டுக்காரி, காலமாகிவிட்ட தன் தகப்பனாருடைய முகம் அல்பத்துக்குத் தெரிவு செய்யாத படங்களில் இருக்குமா என்று கேட்டு, முல்லைத்தீவிலிருந்து பஸ் ஏறி வந்தாள். அவளுக்கு என்ன சொன்னான் என்பதை அவன் என்னிடம் சொல்லவில்லை.

200டி மார்க் 2ஐ அவன் வாங்கவில்லை. 50 லென்ஸ் ஒன்றும், இரண்டு டிஸ்கும் வாங்கினான். தைமாதக் கலியாணமொன்று முடிந்து இரவு பதினொரு மணிக்கு ஸ்ருடியோவுக்குத் திரும்பியபோது நானும் கூடப் போயிருந்தேன். செருப்பைக் கழற்றாமலே கணினிக்கு முன்னால் அமர்ந்து, காட்டைச் செருகி, முதலாவது டிஸ்குக்கு ஏற்றினான். அது முடியும்வரை வீட்டார் கட்டிக்கொடுத்த சோற்றுப் பார்சலைத் தொடவில்லை. பிறகு இரண்டாவது டிஸ்கைச் செருகினான். திரையில் பச்சைக் கோடு ஊர்ந்துகொண்டிருக்க, படங்களை ஒவ்வொன்றாய்த் தள்ளிப் பார்த்துக்கொண்டே வந்தவன், ஒன்றில் நிறுத்தினான். மணவறையிலிருந்து மிகத் தூரத்தில், தூணோரக் கதிரையில், கைத்தடியை மடியில் வைத்துக்கொண்டு தனியே இருக்கிற ஒரு கிழவர். மணமக்கள் எவரும் அதில் இல்லை.

“அல்பத்துக்கு வராது,” என்றான். “கிடக்கட்டும்.”

டிஸ்கின் முதுகில் ஒட்டிய வெள்ளைத் தாளில், ஊரின் பெயரையும் திகதியையும் பேனாவால் எழுதினான். பிறகு பார்சலைப் பிரித்தான்.